பிக்கப் வாகனத்துக்கு இரட்டைப் பின்சில்லு
நெல்லும் மரக்கறியும் ஏற்றும் கமக்காரர் பொருத்துமுன் அறியவேண்டியவை

விளைபொருளை விளைவித்தல் கமத்தொழிலின் ஒரு பாதியாகும். அதனைப் பழுதின்றிச் சந்தைக்குக் கொண்டுசேர்த்தல் மறு பாதியாகும். நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த நெல்லும், ஒவ்வொரு நாளும் நீரூற்றிக் காத்த மரக்கறியும், வீதியில் ஒரு நாழிகையில் வீணாகிவிடக்கூடும். ஆகவே உழவு, விதை, பசளை ஆகியவற்றைப் பற்றி ஆராய்வது போலவே, பாரமேற்றும் வாகனத்தைப் பற்றியும் கமக்காரர் ஆராய்ந்து நடத்தல் வேண்டும்.

முன்னர் மாட்டு வண்டில் செய்த வேலையை இன்று பல ஊர்களில் பிக்கப் வாகனமும், அதன் பின்னே கொளுவப்படும் இழுவைப்பெட்டியும் செய்கின்றன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வாகனங்களின் விலை மிகவும் உயர்ந்தது. 2025 ஆம் ஆண்டில் இறக்குமதி மீண்டும் தொடங்கிய போதும், புதிய லொறி ஒன்றை வாங்குதல் சிறு கமக்காரருக்கு எளிதன்று. ஆதலால் கையிலுள்ள பிக்கப் வாகனத்தையே லொறி போல மாற்றிக்கொள்ளும் எண்ணம் பலருக்கு எழுகின்றது. பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டு சில்லுகள் பூட்டினால் இருமடங்கு பாரம் ஏற்றலாம், பெரிய பெட்டியையும் இழுக்கலாம் என்பது அவர்களின் கணக்கு.

இக்கணக்கில் ஒரு பெரும் பிழை உண்டு. சில்லு இரட்டித்தால் ரயர்களின் வலு ஏறக்குறைய இரட்டிக்கும். வாகனத்தின் வலு இரட்டிக்காது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமற் செய்யப்படும் மாற்றம் பணத்தை மாத்திரமன்றி உயிரையும் கேட்கும்.

இரட்டைச் சில்லின் வரலாறு

லொறிகளின் பின்னச்சில் இரட்டைச் சில்லு பூட்டுதல் நெடுங்கால வழக்கம். இலங்கை வீதிகளில் நாள்தோறும் காணப்படும் சிறு லொறிகளான இசுசு எல்ஃப் 1959 ஆம் ஆண்டிலும், மிற்சுபிசி கன்ரர் 1963 ஆம் ஆண்டிலும் யப்பானில் முதன்முதலாக வெளிவந்தன. இவ்வகை லொறிகளுள் இரட்டைப் பின்சில்லுடன் வருவனவற்றில் அச்சு, வில்லுத்தட்டு, பிரேக்கு, சட்டகம் யாவும் அந்தப் பாரத்துக்கென்றே கணக்கிட்டு அமைக்கப்படுகின்றன.

பிக்கப் வாகனத்தில் இரட்டைப் பின்சில்லு பெரிதும் பரவிய நாடு அமெரிக்காவாகும். 1973 ஆம் ஆண்டில் செவ்ரலே நிறுவனம் தனது 1 தொன் வகைப் பிக்கப் வாகனத்தை இரட்டைப் பின்சில்லுடன் விற்பனைக்கு விட்டது. அந்நாட்டுப் பண்ணையாளர் மாடு, குதிரை, வைக்கோற் கட்டு ஆகியவற்றை ஏற்றிய நீண்ட பெட்டிகளை நெடுந்தூரம் இழுப்பவர். அப்பெட்டிகளுட் பல, வாகனத்தின் பின் வாலிற் கொளுவப்படுவனவல்ல. பின்னச்சுக்கு மேலாக, வாகனத்தின் தட்டிலேயே அமர்பவை. பெட்டியின் மொத்த நிறையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு நேராகப் பின்னச்சின் மீது இறங்கும். இப்பாரத்தைத் தாங்கவே இரட்டைச் சில்லு வேண்டப்பட்டது. அங்கும் சில்லை மாத்திரம் கூட்டவில்லை. அதற்கேற்ற தடித்த அச்சும் வில்லுகளும் உற்பத்தியாளராலேயே சேர்த்து அமைக்கப்பட்டன. அவ்வாகனங்களைப் படத்திற் கண்டு, இங்குள்ள இலகு பிக்கப் வாகனத்தில் சில்லை மட்டும் கூட்டுதல், சிறு கன்றின் கழுத்தில் பெருமாட்டின் நுகத்தை வைப்பதை ஒக்கும்.

இரட்டைச் சில்லினால் வரும் நன்மை

முறையாகப் பொருத்தப்பட்ட இரட்டைச் சில்லினால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, பாரம் நான்கு ரயர்களுக்குப் பகிரப்படுவதால் ஒவ்வொரு ரயரும் குறைந்த பாரம் தாங்கிக் குறைந்த சூட்டுடன் ஓடும். இரண்டாவது, பின்புறத்தின் அகலம் கூடுவதால் உயரமாக அடுக்கிய பாரமும், பின்னே வரும் பெட்டியும் வாகனத்தைப் பக்கவாட்டில் அசைப்பது குறையும். மூன்றாவது, ஓடும்போது ஒரு பின்ரயர் வெடித்தால், அருகிலுள்ள ரயர் வாகனத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடித்து, ஓரமாக நிறுத்த அவகாசம் தரும்.

தீமைகளும் உண்டு. நான்கு ரயர்களுக்குப் பதிலாக ஆறு ரயர்கள் வாங்கல் வேண்டும். எரிபொருட் செலவு சிறிது கூடும். வெறும் வாகனமாகச் செல்லும்போது, குறைந்த பாரம் நான்கு ரயர்களில் பரவுவதால், மழை நனைத்த வீதியிலும் சேற்றிலும் பிடி குறைந்து வழுக்கும். ஒடுங்கிய வாய்க்கால் வரம்புப் பாதைகளில் வெளிச்சில்லு ஓரத்தை இடித்துச் சரிக்கும்.

ஓர் எளிய கணக்கு

ரயரின் பக்கச் சுவரைக் கூர்ந்து பார்த்தால், இலகு லொறி வகை ரயர்களில் 106/104 என்பது போன்ற இரண்டு எண்கள் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கும். இவை பாரக் குறியீடுகளாகும். முதலாவது எண் தனிச் சில்லாகப் பூட்டும்போது அந்த ரயர் தாங்கும் பாரத்தையும், இரண்டாவது எண் இரட்டைச் சில்லாகப் பூட்டும்போது ஒவ்வொரு ரயரும் தாங்கும் பாரத்தையும் குறிக்கும். 106 என்பது 950 கிலோகிராம். 104 என்பது 900 கிலோகிராம். இரட்டையாகப் பூட்டிய இரு ரயர்களும் எப்போதும் சரிசமமாகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. இடையிலுள்ள சூடும் எளிதில் வெளியேறுவதில்லை. அதனாலேயே இரண்டாவது எண் சிறிது குறைவாக உள்ளது.

இனி, வெறும் நிறை 1800 கிலோகிராமும், ஏற்றக்கூடிய பாரம் 1000 கிலோகிராமும், பின்னச்சின் உச்ச வரம்பு 1700 கிலோகிராமும் உடைய ஒரு பிக்கப் வாகனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தனிச் சில்லாக இரு பின்ரயர்களும் தாங்குவது: 950 + 950 = 1900 கிலோகிராம்.
இரட்டைச் சில்லாக நான்கு பின்ரயர்களும் தாங்குவது: 900 × 4 = 3600 கிலோகிராம்.
பின்னச்சு தாங்குவது முன்னும் 1700 கிலோகிராம். பின்னும் 1700 கிலோகிராம்.

தனிச் சில்லாக இருந்தபோதே ரயர்களின் வலு அச்சின் வலுவைவிடக் கூடுதலாக இருந்தது. சில்லை இரட்டித்ததனாற் கிடைத்த 1700 கிலோகிராம் மேலதிக வலுவில் ஒரு கிலோகிராமையேனும் கமக்காரர் பயன்படுத்த இயலாது. வாய்க்காலின் தலைப்பை அகலமாக வெட்டினாலும், நடுவிலுள்ள மதகு ஒடுங்கியதாயின் வயலுக்குப் பாயும் நீர் மதகின் அளவே. வாகனத்தின் பாரமும் அத்தகையதே. அச்சு, வில்லு, பெயாரிங், சட்டகம், கொழுக்கி, பிரேக்கு ஆகியவற்றுள் எது வலுக்குறைந்ததோ, அதுவே வாகனத்தின் உண்மையான வலுவாகும்.

அச்சின் வகையை அறிதல்

பின்னச்சுகளில் இருவகை உண்டு. பெரும்பாலான இலகு பிக்கப் வாகனங்களில், எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் அச்சுத்தண்டே பாரத்தையும் தாங்குகின்றது. சில்லு அத்தண்டின் நுனியிலேயே பூட்டப்பட்டிருக்கும். தண்டு முறிந்தால் சில்லு தண்டின் நுனியுடன் கழன்று ஓடிவிடும்.

பெரும்பாரம் ஏற்றும் லொறிகளின் அமைப்பு வேறு. அங்கே தடித்த அச்சுக்குழாயின் மேல் இரண்டு பெயாரிங்குகளில் சில்லின் குடம் சுழலும். பாரம் முழுவதையும் குழாய் தாங்கும். தண்டு சில்லைச் சுழற்றும் வேலையை மாத்திரமே செய்யும். தண்டு முறிந்தாலும் சில்லு தன் இடத்திலேயே நிற்கும். இவ்வகை அச்சில் பெரும்பாலும் சில்லின் நடுவே குடம் வெளியே நீண்டு நிற்பதையும், தண்டின் தலை சிறு போல்ட்டுகளால் அதனுடன் பூட்டப்பட்டிருப்பதையும் கண்ணாற் காணலாம்.

இரட்டைச் சில்லு இரண்டாவது வகை அச்சுக்கே உரியது. முதலாவது வகை அச்சில் இடைத்தகடு வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இரண்டாவது சில்லை வெளியே பூட்டும் முறை மிகவும் ஆபத்தானது. சில்லு எவ்வளவு வெளியே தள்ளப்படுகின்றதோ, அவ்வளவுக்குத் தண்டையும் பெயாரிங்கையும் வளைக்கும் விசை கூடும். கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்புபவர் குறைந்த பலத்தாற் பெரிய கல்லை அசைப்பது போல, வெளியே நீண்ட சில்லு பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் தண்டை நெம்புகின்றது. முறிவு ஒருநாளில் நிகழ்வதில்லை. உலோகம் சிறுகச் சிறுகக் களைத்து, ஒருநாள் முழுப்பாரத்துடன் செல்லும் வேளையில் முறியும்.

முன்பாரமும் பின்பாரமும்

வண்டிலில் மூடை ஏற்றிப் பழகியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கு அறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். இழுவைப்பெட்டிக்கும் இதுவே விதி.

வாகனத்தின் பின்னே கொளுவும் பெட்டியின் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொழுக்கியின் மீது அழுந்தல் வேண்டும். இதைவிடக் குறைந்தால், அதாவது பெட்டியிற் பின்பாரம் மிகுந்தால், வேகமாகச் செல்கையில் பெட்டி பாம்பு போல நெளிந்து வாகனத்தையும் இழுத்துக்கொண்டு புரளும். இரட்டைச் சில்லு இந்நெளிவை ஓரளவு அடக்குமாயினும், பிழையாக ஏற்றிய பாரத்தைத் திருத்தமாட்டாது.

கொழுக்கியின் மீது அழுந்தும் பாரம் பின்னச்சில் அதே அளவாக இறங்குவதில்லை, கூடுதலாகவே இறங்கும். 500 கிலோகிராம் வெறும் நிறையுள்ள பெட்டியில் 50 புசல் நெல் ஏற்றப்பட்டுள்ளதாகக் கொள்வோம். ஒரு புசல் நெல் 20.86 கிலோகிராம். ஆகவே நெல்லின் நிறை 1043 கிலோகிராம்; பெட்டியின் மொத்த நிறை 1543 கிலோகிராம். இதில் 200 கிலோகிராம் கொழுக்கியில் அழுந்துகின்றது. வாகனத்தின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 3 மீற்றர்; கொழுக்கி பின்னச்சுக்குப் பின்னே 1.2 மீற்றர் தூரத்தில் உள்ளது. அப்போது பின்னச்சில் ஏறும் பாரம் 200 × 4.2 ÷ 3 = 280 கிலோகிராம். முன்னச்சிலிருந்து 80 கிலோகிராம் குறைந்துவிடும்.

இதன் பொருள் யாது? பெட்டியைக் கொளுவியவுடன் வாகனத்தின் தட்டில் ஏற்றும் பாரத்தை ஏறக்குறைய 280 கிலோகிராம் குறைத்தல் வேண்டும். குறைக்காவிடின் பின்னச்சு வரம்பு கடக்கும். முன்சில்லுகள் இலேசாகி, வளைவில் வாகனம் திருப்பும் பக்கம் திரும்ப மறுக்கும். பின்புறம் தாழாதிருக்க வில்லுத்தட்டுகளைக் கூட்டுவோர் உண்டு. அது தோற்றத்தை நிமிர்த்துமேயன்றி அச்சின் வலுவை உயர்த்தாது. பின்புறம் தாழ்வது ஓர் எச்சரிக்கை. தட்டுக் கூட்டுதல் எச்சரிப்பவனின் வாயைப் பொத்துவதாகும்.

ஓடுவதிலும் பெரிது நிற்பது

இழுக்கும் வலுவைப் பற்றி விசாரிப்பவர் பலர். நிறுத்தும் வலுவைப் பற்றி விசாரிப்பவர் சிலரே. மேற்கூறிய வாகனம் தனியாக முழுப்பாரத்துடன் 2800 கிலோகிராம். அதன் பிரேக்கு இந்நிறையை நிறுத்தவே அமைக்கப்பட்டது. தட்டுப் பாரத்தை 720 கிலோகிராமாகக் குறைத்துப் பெட்டியையும் கொளுவினால், முழுத்தொகுதியின் நிறை 4063 கிலோகிராம் ஆகும். இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரட்டைச் சில்லு பூட்டியதால் பிரேக்கு சிறிதும் பெருப்பதில்லை.

வேகம் கூடக்கூட நிலைமை மோசமாகும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றராக உயர்த்தினால், வேகம் ஒன்றரை மடங்கே கூடுகின்றது. ஆயின் பிரேக்கு சூடாக மாற்றி ஒழிக்கவேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகக் கூடுகின்றது.

மலைநாட்டு மரக்கறிக் கமக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஆகியன தம்புள்ளையில் 1999 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கும் கொழும்புக்கும் இறக்கப்படுகின்றன. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தவாறே வந்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுமோ, இறக்கத்திலும் அதே கியரில் இறங்குதல் நல்ல விதியாகும். இறக்கம் தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ளல் வேண்டும். நடு இறக்கத்தில் மாற்ற முயலுதல் ஆகாது.

பெட்டிக்குத் தனிப் பிரேக்கு இருத்தல் மிகவும் நன்று. வாகனம் வேகங்குறையும்போது பெட்டி முன்னே தள்ளும் விசையாலேயே தானாக இயங்கும் பிரேக்கு உண்டு. இரட்டைச் சில்லுக்குச் செலவிடும் பணத்தை இத்தகைய பிரேக்கில் இட்டால், கமக்காரருக்கு அதிக பாதுகாப்புக் கிடைக்கும். கொழுக்கியுடன் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டுதலும் கட்டாயமாகக் கொள்ளத்தக்கது.

பாரத்தைக் கண்ணால் அளக்கற்க

அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருவதால், இன்று ஈரநெல்லே பெரும்பாலும் வீதிக்கு வருகின்றது. நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள 1000 கிலோகிராம் நெல், நூற்றுக்கு 22 பங்கு ஈரத்துடன் இருந்தபோது ஏறக்குறைய 1103 கிலோகிராம் நிறையுடையது. வாகனம் தாங்குவது நெல்லையும் அதன் நீரையும் சேர்த்தேயாம். உலர்ந்த நெல்லில் 15 மூடை ஏற்றியவர் ஈரநெல்லிலும் அதே 15 மூடை ஏற்றினால், ஒன்றரை மூடை நீரை மேலதிகமாக ஏற்றியவராவார்.

ஆகவே பருவத்தில் ஒரு தடவையேனும் மேடைத் தராசில் வாகனத்தை நிறுத்தல் வேண்டும். பெரிய அரிசி ஆலைகளில் இவ்வசதி உண்டு. முதலில் முழு வாகனத்தையும், பின்னர் முன்சில்லுகள் மேடையை விட்டிறங்கப் பின்னச்சை மாத்திரமும் நிறுத்தால், பின்னச்சின் பாரம் தெரியவரும். அதனை வாகனத்தின் கதவோரத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள உற்பத்தியாளரின் தகட்டிலும் கைந்நூலிலும் கூறப்பட்ட வரம்புடன் ஒப்பிடுக. தகட்டின் எண்ணே முடிவான எண்; சந்தையில் கேட்ட எண் அன்று.

மாற்றத்தான் வேண்டுமாயின்

அதே வகை வாகனத்தை உற்பத்தியாளரே இரட்டைப் பின்சில்லுடனும் விற்றிருந்தால், அந்த வாகனத்தின் முழுப் பின்னச்சுத் தொகுதியையும் பொருத்துதலே ஏற்புடைய வழியாகும். அப்போதும் பின்வருவன கவனிக்கப்படல் வேண்டும்.

1. அச்சு, சில்லின் குடம், பிரேக்கு, வில்லுத்தட்டு ஆகிய யாவும் ஒன்றாக மாற்றப்படல் வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விடுதல் ஆகாது.

2. புதிய அச்சின் பற்சில்லு விகிதம் பழையதுடன் பொருந்தல் வேண்டும். நாற்சில்லு இழுவையுள்ள வாகனத்தில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதமாக இல்லாவிடின் கியர்த் தொகுதி உடையும்.

3. இரட்டைச் சில்லுக்கென ஆழக் குழித்துச் செய்யப்பட்ட றிம்களையே பூட்டல் வேண்டும். தனிச் சில்லு றிம்களை இடைத்தகடு வைத்து இணைத்தல் விலக்கத்தக்கது.

4. முழுப்பாரம் ஏற்றிய நிலையில் இரு ரயர்களின் பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று தொடலாகாது. ரயர் உற்பத்தியாளர் கூறும் இடைவெளி இருத்தல் அவசியம். உராயும் ரயர்கள் சூடேறித் தீப்பற்றவுங் கூடும்.

5. இணையாகப் பூட்டும் இரு ரயர்களும் ஒரே அளவும், ஒரே வகையும், ஒத்த தேய்வும் உடையனவாதல் வேண்டும். சிறு லொறி ரயர்களில் அவற்றின் விட்ட வேறுபாடு 6 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. புதிய ரயருடன் தேய்ந்த ரயரை இணைத்தால், பெரியது பாரம் முழுவதையும் சுமக்கும். சிறியது வீதியில் இழுபட்டுத் தேயும்.

6. உட்சில்லின் வால்வுக்கு நீட்சிக் குழாய் பூட்டுக. காற்றளக்க இயலாத சில்லு கவனிக்கப்படாத சில்லாகும்.

7. நட்டுகளை முறுக்குவிசை அளக்கும் சாவியால், கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்குக. பூட்டிய பின் 80 முதல் 160 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டதால் கழன்ற சில்லுகள் பல.

8. வெளிச்சில்லு முழுவதையும் மூடும் சேற்றுத்தடுப்பு இருத்தல் வேண்டும். திறந்த சில்லு பின்னே வருபவர் மீது கல்லெறியும்.

இவ்வேலைகளை வழியோரத்தில் ஒட்டுவேலையாகச் செய்தலாகாது. தகுதிபெற்ற பொறியியலாளர் அல்லது அனுபவமுள்ள வாகனத் திருத்துநரின் நேரடிப் பார்வையில் செய்வித்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது

இலங்கையில் வாகனங்கள் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்படுகின்றன. பதிவிலுள்ள விபரங்கள் வேறுபடும் வண்ணம் வாகனத்தை மாற்றுபவர், அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெறல் வேண்டும். ஆகவே வேலை தொடங்குமுன்னரே விசாரித்தறிதல் நன்று. முடிந்த பின் கழற்றச் சொன்னால் செலவு இரட்டிக்கும். இழுவைப்பெட்டியும் பதிவுக்குரியதே. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிக்காத மாற்றத்துடன் விபத்து நேர்ந்தால், நட்டஈடு கிடையாமற் போகக்கூடும். அந்நட்டத்தைச் செலுத்த வயலை ஈடுவைக்கும் நிலையும் வரலாம்.

வயலுக்குள் வேண்டாம்

உழவு இயந்திரத்துக்கு இரட்டைச் சில்லு பூட்டி ஈரநிலத்தில் ஓட்டுவதைக் கண்டவர்கள், பிக்கப் வாகனமும் அவ்வாறே வயலில் இறங்கும் என எண்ணலாகாது. உழவு இயந்திரத்தின் பெரிய, அகன்ற ரயர்கள் குறைந்த காற்றுடன் மண்ணில் மிதந்து செல்வன. வீதி வாகனத்தின் சிறு ரயர்களோ மிகு காற்றால் இறுகியவை. நிலத்தை ஆழமாக அழுத்துவன. இரு ரயர்களுக்கிடையே சேறும் கல்லும் சிக்கி இறுகும். ஈரமான வயலில் பாரவாகனத்தை ஓட்டினால் மேல்மண்ணின் கீழ் இறுகிய படை உண்டாகி, அடுத்த போகத்தில் வேர் இறங்குவதும் நீர் வடிவதும் தடைப்படும். நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் வீதிவரை கொணர்ந்து, அங்கே வாகனத்துக்கு மாற்றுதலே முறை.

நாளாந்தக் கவனம்

முறையாக அமைந்த இரட்டைச் சில்லு வாகனம் வைத்திருப்போர், ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் நான்கு பின்ரயர்களின் காற்றையும் அளத்தல் வேண்டும். உட்சில்லு காற்றிழந்திருப்பது சாரதிக்குத் தெரியாது; வெளிச்சில்லு இருவர் சுமையை ஒருவராகச் சுமந்து சூடேறி வெடிக்கும். இடையிற் சிக்கிய கல்லை உடனே அகற்றுக. சில்லின் குடத்தைப் பயணத்தின் இடையே கையால் அணுகிப் பார்த்து, மற்றையவற்றைவிட மிகுந்த சூடுடைய குடத்தைத் திருத்துநரிடம் காட்டுக. நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால், அது தளர்ந்த நட்டின் அடையாளமாகும்.

சிக்கனமான வேறு வழிகள்

பெரும்பாலான சிறு கமக்காரருக்குப் பாரம் மிகுந்த நாட்கள் ஒரு போகத்தில் சிலவே. அந்தச் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் ஆறு ரயர்களைத் தேய்ப்பதிலும், அவ்வேளையில் உரிய லொறியொன்றை அயலவர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துவது மலிவு. கமக்காரர் அமைப்பின் மூலம் பலர் ஒன்றுகூடினால் வாடகை மேலும் குறையும். அவ்வாறு இயலாதவிடத்து, ஒரே தடவையில் ஏற்றும் பாரத்தை இரு தடவைகளாகப் பிரித்து ஏற்றுக. இரண்டாவது பயணத்தின் எரிபொருட் செலவு, முறிந்த அச்சின் விலையுடனும் வீதியிற் சிந்திய நெல்லுடனும் ஒப்பிட மிகச் சிறியது. நெல்லை உலர்த்தி ஏற்றுதலும் பாரங்குறைக்கும் வழியே. விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

சில்லைக் கூட்டும் எண்ணமுள்ள கமக்காரர் முதலில் தமது வாகனத்தின் தகட்டை வாசிக்க வேண்டும். அடுத்துப் பாரத்தை நிறுத்தறிதல் வேண்டும். அதன்பின் பிரேக்கையும் கொழுக்கியையும் சோதிப்பித்தல் வேண்டும். இம்மூன்றையும் செய்தவருக்கு, பெரும்பாலும் இரட்டைச் சில்லின் தேவையே இல்லையென்பது தெளிவாகும். தேவை உண்மையாகவே உள்ளதெனக் கண்டவர், சில்லை மாத்திரம் வாங்காது, அச்சு முதல் பிரேக்கு ஈறாக அப்பாரத்துக்கென்றே அமைந்த லொறியைத் தேடுவாராக. விளைச்சலும், அதனை ஏற்றிச் செல்பவரும் வீடு திரும்புதலே கமத்தின் முழுப்பலனாகும்.